பரவு சுமை: கூட்டுத்தொகை சரியானால் மட்டும் போதாது

கட்டட அமைப்பைக் கணக்கிடும் ஸ்டாட் மென்பொருளில் 'ஸ்டாட்டிக்ஸ் செக்' (சமநிலைச் சரிபார்ப்பு) கேட்டால், ஏற்றிய மொத்தச் சுமை ஒரு வரியில் வரும், ரியாக்‌ஷன் (தாங்கல்கள் தரும் எதிர்விசை) மொத்தம் இன்னொரு வரியில் வரும். இரண்டும் பொருந்தும். அதைப் பார்த்த கையோடு டிசைனுக்குப் போய்விடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த இரண்டு எண்ணும் மென்பொருள் தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொண்டதுதான். 6 போடவேண்டிய இடத்தில் 0.6 போட்டிருந்தாலும் அவை பொருந்தும். ஃப்ளோர் லோடு (தளப் பரப்புக்குக் கொடுத்து, மென்பொருளே பீம்களுக்குப் பிரிக்கும் சுமை) பாதிப் பேனல்களில், அதாவது பீம்கள் சூழ்ந்த கட்டங்களில், விழாமலே போயிருந்தாலும் பொருந்தும். ஒப்பிடவேண்டிய எண் உங்கள் தாளில் இருக்கவேண்டும், மாடலைத் தொடுவதற்கு முன்பே.

அந்தத் தாளில் ஒவ்வொரு அடிப்படைச் சுமைக்கும் (மென்பொருளில் 'கேஸ்') தனித்தனியாக இரண்டு எண் வேண்டும். ஒன்று மொத்தச் சுமை. மற்றது அந்தச் சுமை ஏதாவது ஒரு மூலையைச் சுற்றித் தரும் மொமென்ட் (விசை × தூரம்). மொத்தம் மட்டும் பார்த்தால் சுமை எவ்வளவு என்று தெரியும்; எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாது. காம்பினேஷன்களில் இதைத் தேடக்கூடாது. 1.5 மடங்கு பெருக்கிக் கூட்டிய பிறகு எந்தச் சுமை தப்பிப்போனது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

(கிலோநியூட்டனை இனி 'கிநி' என்று சுருக்கியிருக்கிறேன்.)

நான்கு மூலையில் போய் உட்காரும் சுமை

4 மீட்டருக்கு 5 மீட்டர் அறை. நாலு பக்கமும் பீம், மூலைக்கு ஒரு தூண். 125 மி.மீ. ஸ்லாப் 3.125, தளப்பூச்சு 1.0, குடியிருப்புக்கான லைவ் லோடு (ஆட்கள், பொருட்களின் சுமை) 2.0. ஆக 6.125 கிநி/மீ². மொத்தம் 122.5 கிநி. கையால் போட்ட எண் இது.

ஸ்லாபை ஒரே பிளேட்டாக (தட்டுத் துண்டாக) வரைந்து, பிரஷர் 6.125 என்று கொடுத்துப் பாருங்கள். மென்பொருள் அதை நான்கு நோடுக்கும் (துண்டுகள் இணையும் புள்ளிக்கும்) காலே கால், அதாவது ஆளுக்கு 30.6 கிநி என்று பிரித்துவிடும். அந்த நான்கு நோடும் தூண் உச்சிகள். சுமை நேரே தூணில் இறங்கிவிட்டது. பீமுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் பொதுவான நோடு ஒன்றுகூட இல்லாததால் பீமுக்கு ஒன்றும் போகவில்லை. பீமின் சொந்த எடைக்கான மொமென்ட்தான் தெரியும். ரியாக்‌ஷன் மொத்தம் 122.5, கச்சிதம். தூணில் இறங்கும் சுமை சரியாகவே வரும். பீமுக்கு மட்டும் குறைந்தபட்சக் கம்பி போதும் என்று மென்பொருள் சொல்லும். மொத்தம் சரியாக இருந்து இடம் தவறுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஆபத்தானதும் இதுதான், ஏனென்றால் எந்த எச்சரிக்கையும் திரையில் வராது.

தீர்வு, பிளேட்டையும் பீமையும் ஒரே நோடுகளில் உடைப்பது. 0.5 மீட்டர் மெஷ் (வலைக்கட்டம்) என்றால் 4 மீட்டர் பக்கத்தில் 8, 5 மீட்டர் பக்கத்தில் 10. பீமும் அதே 8, 10 துண்டுகளாக இருக்கவேண்டும். பிளேட்டை மட்டும் உடைத்து, பீமை முழு நீளத்தில் விட்டால் இடைப்பட்ட நோடுகள் பீமைத் தொடாமல் தொங்கும்.

ஸ்லாபை மாடல் செய்யாமல் ஃப்ளோர் லோடாகக் கொடுப்பவர்களுக்கு வேறு சிக்கல். இருவழி ஸ்லாப் என்றால் மூலைகளிலிருந்து 45 பாகையில் கோடு இழுத்து, குட்டைப் பீமுக்கு முக்கோணமும் நீளப் பீமுக்குச் சரிவகமும் போகும். 4 மீட்டர் பீமுக்கு 4 மீ² பரப்பு, 24.5 கிநி. 5 மீட்டர் பீமுக்கு 6 மீ² பரப்பு, 36.75 கிநி. இரண்டிரண்டாகக் கூட்டினால் 122.5. இதுவரை சரி. இப்போது அந்த 24.5-ஐ 4 மீட்டரில் சீராகப் பரப்பி 6.125 கிநி/மீ என்று யூடிஎல் (சீராகப் பரவிய சுமை) போட்டால், எளிய தாங்கலில் (முனைகள் தடையின்றித் திரும்பும் நிலையில்) நடு மொமென்ட் 12.25 கிநி-மீ. முக்கோணமாகவே விட்டால் 16.33. நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, மொத்தம் இம்மியும் மாறாமல்.

கைக்கணக்கில் இதற்காகத்தான் இரண்டு சூத்திரம் வைத்திருக்கிறோம்: ஷியருக்கு (வெட்டு விசைக்கு) சுமை × குட்டைப் பக்கம் ÷ 4, மொமென்டுக்குச் சுமை × குட்டைப் பக்கம் ÷ 3. இரண்டாவதைப் போட்டால் 8.17 கிநி/மீ, அதிலிருந்து அதே 16.33 வரும். முதலாவதை எடுத்து இரண்டுக்கும் பயன்படுத்துகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. மென்பொருள் முக்கோணத்தை முக்கோணமாகவே ஏற்றிக்கொள்ளும். அதை யூடிஎல்லாக மாற்றிக் கொடுக்கவேண்டிய தேவையே இன்று இல்லை.

ஃப்ளோர் லோடு விழாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், பேனல் மூடவில்லை. இரண்டு பீம் குறுக்கே கடக்கும் இடத்தில் நோடு இல்லை, அல்லது இரண்டு நோடு 2 மி.மீ. இடைவெளியில் தனித்தனியாக நிற்கின்றன. எதிர்த்திசைத் தவறும் உண்டு. ஃப்ளோர் லோடு எந்த உயரம் முதல் எந்த உயரம் வரை என்ற எல்லையைத் தாராளமாகக் கொடுத்தால் மாடிப்படியின் நடுத்தளப் பீம்களும் அதில் மாட்டிக்கொண்டு, படி இருக்கும் திறப்பின்மேல் ஸ்லாப் சுமை விழும்.

தாளில் உள்ள எண்ணைவிட மாடல் சற்றுக் கூடுதலாகக் காட்டினால் ஸ்லாபும் பீமும் ஒன்றையொன்று மூடும் பகுதியைப் பாருங்கள். 230 × 450 பீமை முழு ஆழத்துக்கும் கொடுத்து, ஸ்லாபையும் பீமின் மையக்கோடு வரை கொடுத்தால் 0.23 × 0.125 × 25 = 0.72 கிநி/மீ இரட்டிப்பாகிறது. பீமின் சொந்த எடை 2.59-தான். அப்படியே விட்டுவிடலாம், ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து விடவேண்டும். செல்ஃப் வெயிட்டை (உறுப்புகளின் சொந்த எடையை) டெட் லோடு (நிலையான எடை) கேஸிலும் தளப்பூச்சு கேஸிலும் என இரண்டு இடத்தில் 1 என்ற பெருக்கெண்ணோடு வைத்துவிடுவது வேறு கதை. அது கட்டட எடையையே இரண்டாக்கிவிடும்.

புதுச்சேரியின் பழைய மாடிகள்

ஒயிட் டவுன் வீடுகளில் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். கீழே மர உத்திரம், அதன்மேல் நெருக்கமாக மரச் சட்டங்கள், சட்டங்களின்மேல் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாகச் சாய்த்து அடுக்கிய மெல்லிய செங்கல், அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை, கடைசியில் தட்டோடு. இதைச் சீரமைக்க வரைபடம் போடும்போது அந்தப் பேனலை இருவழி ஃப்ளோர் லோடாகக் கொடுப்பது தவறு. சுமை முழுவதும் மரச் சட்டத்தின் வழியாக ஒரே திசையில்தான் ஓடுகிறது. சட்டத்துக்கு இணையான சுவர் நேரடியாகக் கிட்டத்தட்ட ஒன்றும் வாங்குவதில்லை. இருவழி என்று கொடுத்தால் உத்திரத்தின்மேல் விழவேண்டிய சுமையில் ஒரு பங்கு பக்கச் சுவருக்குத் திருப்பிவிடப்படும். ரியாக்‌ஷன் மொத்தம் வழக்கம்போலப் பொருந்தும், உத்திரம் மட்டும் இல்லாத பலத்தைக் காட்டும்.

அடுக்குகளின் கனத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒரு இடத்தில் தோண்டி அளக்கவேண்டும். ஒழுகும் கூரைமேல் காலங்காலமாகப் புதுக்கலவை போட்டு ஏற்றியிருப்பார்கள். நனைந்த சுண்ணாம்புக் கலவை காய்ந்ததைவிடக் கனம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழைநீரும் பரவு சுமைதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாடியின் தண்ணீர்க் குழாய் வாயை இலை அடைத்து, கைப்பிடிச் சுவருக்குள் 10 செ.மீ. தண்ணீர் நின்றால் 0.98 கிநி/மீ². 15 செ.மீ. நின்றால் 1.47. ஏறிப் புழங்கும் மாடிக்கு நாம் வைத்திருக்கும் லைவ் லோடு 1.5-தான். ஏற முடியாத கூரைக்கு 0.75. ஆகவே தட்டையான ஷீட் கூரைக்கும் ஒற்றைக் குழாய் மாடிக்கும் தண்ணீர் தனி கேஸாக இருக்கட்டும்.

கடலூர் ஷெட்டின் காற்று

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பும் பலாவும் சாய்ந்ததை மாவட்டமே மறக்கவில்லை. இந்தக் கடற்கரைக்கு ஷெட் போடுகிறவர் காற்றை டெட் லோடுக்கு முன்னால் வைத்து யோசிக்கவேண்டும்.

காற்றுச் சுமைக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 875 பகுதி 3, 2015 பதிப்பின்படி இங்கே அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். கடற்கரையிலிருந்து 60 கி.மீ. வரைக்கும் கே4 என்ற புயல் கெழு பொருந்தும்: சாதாரணக் கட்டடம் 1.0, தொழிற்சாலை 1.15, புயலுக்குப் பிறகும் இயங்கவேண்டிய மருத்துவமனை போன்றவை 1.30. 10 மீட்டர் உயரத் தொழிற்சாலை ஷெட், இரண்டாம் வகை நிலப்பரப்பு (தடைகள் குறைவான திறந்தவெளி), மற்ற கெழுக்கள் 1.0 என்றால் வேகம் 57.5. அழுத்தம் 0.6 × 57.5² = 1984 நியூட்டன்/மீ², அதாவது 1.98 கிநி/மீ². கே4-ஐ மறந்தவருக்கு 1.5-தான் வரும். புயல் பகுதியில் காற்றுத் திசைக் கெழுவும் 0.9-க்குக் குறைக்காமல் 1.0.

10 பாகைச் சாய்வு, உயரம் அகலத்தில் பாதிக்குள் என்றால் காற்று வரும் பக்கக் கூரைக்கு வெளிக்கெழு (வெளிப்புற அழுத்தத்துக்கான பெருக்கெண்; கழித்தல் என்றால் உறிஞ்சல்) −1.2, மறுபக்கம் −0.4. சுவரில் நடுத்தரத் திறப்புகள் இருந்தால் உள்கெழு ±0.5. ஆக மோசமான நிலையில் −1.7, கூரையை மேலே இழுக்கிறது. 6 மீட்டர் நீளப் பர்லின் (கூரை ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), 1.4 மீட்டர் இடைவெளி: பரப்பு 8.4 மீ², 10-க்குள் இருப்பதால் பரப்புக் கெழுவில் குறைப்பு இல்லை. 1.7 × 1.98 × 1.4 = 4.7 கிநி/மீ மேல்நோக்கி. ஷீட்டும் பர்லினும் சேர்ந்தே சுமார் 0.15 கிநி/மீ²-தான், பர்லின் மீட்டருக்கு 0.2. கூரை கீழே விழாமல் தாங்குவதற்கல்ல, பறக்காமல் பிடித்துக்கொள்வதற்கே பர்லின் வேண்டும். இதனால்தான் டெட் லோடைச் சற்றுத் தாராளமாக வைத்தால் பாதுகாப்பு என்ற பழக்கம் இங்கே எதிராகத் திரும்புகிறது. 0.9 டெட் + 1.5 காற்று காம்பினேஷனில், இல்லாத எடை நங்கூர போல்ட்டை மெலிதாக்கிவிடும்.

திசைதான் அடுத்தது. ஸ்டாட்டில் மூன்று தேர்வு: ஒய் என்றால் உறுப்புக்குச் செங்குத்தான அதன் சொந்த (உள்) அச்சு, ஜிஒய் என்றால் உலகச் செங்குத்து, சாய்ந்த நீளத்துக்கு. பிஒய் என்றால் உலகச் செங்குத்து, தரையில் விழும் நிழல் நீளத்துக்கு. ஷீட்டின் எடை சாய்ந்த நீளத்துக்கானது, ஜிஒய். லைவ் லோடு பிளான் பரப்புக்கானது, பிஒய். காற்று பரப்புக்குச் செங்குத்து, ஒய். மூன்றையும் ஜிஒய்யில் போட்டால் 10 பாகையில் லைவ் லோடின் பிழை 1.5 சதவீதம், கண்ணுக்குப் படாது. 30 பாகை ஓட்டுக் கூரையில் லைவ் லோடு 15 சதவீதம் கூடிவிடும்.

காற்றுக்கு அந்த 10 பாகையிலும் இழப்பு உண்டு. 20 மீட்டர் அகல ஷெட், 6 மீட்டர் ஃப்ரேம் இடைவெளி என்றால் கூரை 1.76 மீட்டர் எழும்புகிறது. இரு பக்கக் கெழுக்களின் வேறுபாடு 0.8. ஃப்ரேமுக்கான பரப்புக் கெழு, கூட்டுக் கெழு எல்லாம் போக அழுத்தம் சுமார் 1.5 கிநி/மீ² நிற்கும். பெருக்கினால் ஃப்ரேமுக்கு ஏறக்குறைய 13 கிநி கிடைமட்டமாக, காற்று வரும் பக்கம் நோக்கி. செங்குத்தாக மட்டும் போட்டவரின் மாடலில் இது இருக்காது. கிடைமட்ட ரியாக்‌ஷனைத் தாளோடு ஒப்பிட்டால் உடனே பிடிபடும்.

தூண்களுக்கு மட்டும் உலகத் திசையைப் பயன்படுத்துங்கள். கீழிருந்து மேலே வரைந்த தூணுக்கும் மேலிருந்து கீழே வரைந்த தூணுக்கும் உள் ஒய் அச்சு எதிரெதிராக இருக்கும். ஒரே சுவரில் நாலு தூண் உள்ளே தள்ளும், ஒன்று வெளியே இழுக்கும்.

மூலை, ஓரப் பகுதிகளுக்கு விதிநூல் தரும் உயர்ந்த உள்ளூர்க் கெழுக்கள் ஷீட்டுக்கும் திருகாணிக்கும் மட்டும். அவற்றை ஃப்ரேம் மாடலில் ஏற்றவேண்டாம்.

கூட்டுத்தொகை ஒன்றுமே சொல்லாத இடம்: தண்ணீர்த்தொட்டி

மூடிய செவ்வகத் தொட்டியில் எதிர் எதிர்ச் சுவர்களின் அழுத்தம் ஒன்றையொன்று அடித்துவிடும். கிடைமட்ட ரியாக்‌ஷன் மொத்தம் எப்போதும் பூஜ்யம். சுவரில் அழுத்தத்தைப் பத்து மடங்கு போட்டாலும் பூஜ்யம், போடவே மறந்தாலும் பூஜ்யம். இங்கே ஒரு சுவரை மட்டும் தனியாக, அடியில் மட்டும் பிடித்த மாடலாக ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

3 மீட்டர் தண்ணீருக்கு அடியில் 29.43 கிநி/மீ². ஒரு மீட்டர் அகலத்துக்கு மொத்தம் 44.1 கிநி, அடியிலிருந்து 1 மீட்டர் உயரத்தில். அடி மொமென்டும் அதனால் 44.1 கிநி-மீ. முக்கோண அழுத்தத்தைப் படிப்படியாக, எலிமென்டுக்கு (பிரித்த ஒவ்வொரு துண்டுக்கு) ஒரு மாறா அழுத்தமாகக் கொடுப்பது வழக்கம். எந்த ஆழத்தின் அழுத்தத்தை எடுத்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது. உயரத்தில் 6 எலிமென்ட் வைத்து, ஒவ்வொன்றின் அடி ஆழத்தை எடுத்தால் மொத்தம் 16.7 சதவீதம் கூடும். மேல் ஆழத்தை எடுத்தால் அதே அளவு குறையும். நடு ஆழத்தை எடுத்தால் மொத்தம் துல்லியமாக வரும். ஆனால் மொமென்ட் 1.4 சதவீதம் கூடும். மூன்றே எலிமென்ட் என்றால் 5.6 சதவீதம். ஒன்றே என்றால் 50. எண்ணிக்கையை இரட்டித்தால் பிழை நாலில் ஒன்றாகும். நோடுக்கு நோடு அழுத்தம் மாறும் ஹைட்ரோஸ்டாட்டிக் வசதி மென்பொருளில் இருக்கிறது; அதைப் பயன்படுத்தினால் இந்தக் கணக்கே வேண்டாம். தண்ணீர் மட்டத்தை மட்டும் சுவரின் உச்சியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், எலிமென்ட் எல்லையும் தண்ணீர் மட்டத்தில் இருக்கட்டும்.

பிளேட்டின் அழுத்தத் திசையை நோடு எண் வரிசைதான் தீர்மானிக்கிறது. ஒரு பிளேட் கடிகாரச் சுற்றாகவும் பக்கத்துப் பிளேட் எதிர்ச்சுற்றாகவும் வரைந்திருந்தால், ஒன்றில் தண்ணீர் வெளியே தள்ளும், மற்றதில் உள்ளே இழுக்கும். அம்புக்குறியை ஒவ்வொரு சுவரிலும் கண்ணால் பாருங்கள். சிதைந்த வடிவத்தையும் பாருங்கள்; நிரம்பிய தொட்டியின் சுவர் வெளியே புடைக்கவேண்டும்.

நோடில் கையால் பிரிக்கிறவர்களுக்கு

கால்குலிக்ஸ், அபாகஸ் போன்ற பொதுப் பயன்பாட்டு மென்பொருளில் சிலர் மொத்தச் சுமையை நோடு எண்ணிக்கையால் வகுத்துச் சமமாகப் போடுகிறார்கள். நடு நோடு உள்ள எலிமென்டில் இது தவறு. ஒரு விளிம்பில் மூன்று நோடு இருந்தால் பங்கு ஆறில் ஒன்று, ஆறில் நாலு, ஆறில் ஒன்று. 2 மீட்டர் விளிம்பு, 12 கிநி/மீ, ஒரு மீட்டர் எலிமென்ட் இரண்டு என்றால் ஐந்து நோடுக்கும் 2, 8, 4, 8, 2. சமமாக 4.8 என்று போட்டாலும், 3, 6, 6, 6, 3 என்று போட்டாலும் 24 வரும், விளிம்பருகே தகைவு மட்டும் அலைபாயும்.

முகத்தில் எட்டு நோடு உள்ள இருபது நோடு கட்டி எலிமென்டில் சீரான அழுத்தத்துக்கு மூலைப் பங்கு −1/12, நடு நோடுப் பங்கு +1/3. அழுத்தம் கீழே தள்ளும்போது மூலை நோடு மேலே இழுக்கப்படுகிறது. கூட்டிப் பார்த்தால் 4/3 − 1/3 = 1, கணக்கு சரி. ஆறு நோடு முக்கோணத்தில் மூலைக்குப் பூஜ்யம், நடு நோடுக்கு மூன்றில் ஒன்று. இந்தப் பங்கைக் கையால் போட முயலாதீர்கள். அழுத்தத்தை முகத்தின்மேல் கொடுத்து மென்பொருளிடம் விட்டுவிடுங்கள்.

நேரியல் பீம் எலிமென்ட், அதாவது நடுவில் ஒரே கணிப்புப் புள்ளி உள்ளது, யூடிஎல்லை முனைகளுக்குப் பாதிப்பாதியாகத் தருகிறது. 6 மீட்டர், 20 கிநி/மீ, எளிய தாங்கல். நடுவில் 90 வரவேண்டும். 2 எலிமென்ட் வைத்தால் 45, 4 வைத்தால் 78.75, 10 வைத்தால் 88.2. ஸ்டாட் போன்ற ஃப்ரேம் மென்பொருளில் ஒரே உறுப்பிலேயே 90 வந்துவிடும், ஏனென்றால் அது முனைப் பிடிப்பு விசைகளை (முனைகளை இறுகப் பிடித்தால் அந்தச் சுமைக்கு அங்கே வரும் விசைகளை) திரும்பச் சேர்க்கிறது. அங்கே பழகியவர் இங்கே வரும்போது இந்த இடத்தில் வழுக்குகிறார்.

அலகு விஷயம் சுருக்கமாக: மி.மீ.–நியூட்டன் முறையில் 1 கிநி/மீ² என்பது 0.001, 1 கிநி/மீ என்பது 1. எஃகின் அடர்த்தி 7.85 × 10⁻⁹ டன்/மி.மீ.³, புவியீர்ப்பு 9810.

கடைசியாக, சுமை இருக்குமிடத்தைப் பிடிக்க ஒரு சோதனை. நடுத் தூண் ஒன்றை எடுத்து, அதைச் சுற்றியுள்ள பாதிப் பாதிப் பரப்பைச் சுமையால் பெருக்கி, மாடலின் ரியாக்‌ஷனோடு ஒப்பிடுங்கள். தொடர் பீம் என்பதால் சரியாகப் பொருந்தாது. இரண்டு சமத் துறையின் (தூணுக்குத் தூண் இடைவெளியின்) நடுத் தூண் பங்குப் பரப்பைவிட 25 சதவீதம் வரை அதிகம் வாங்கும், மூன்று துறையில் 10 சதவீதம். அதற்குமேல் விலகினால் முதலில் அந்தத் தூணைத் தொடும் பீம்களின் சுமைப் படத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு பீம் வெறுமையாக நிற்கும்.